8 வாட்டுக்கு எதற்கய்யா 1 கேவிஏ?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு, கொஞ்சம் புலம்பல், மீதி முழுக்கக் கோபம். சினிமா, அரசியல் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், அடுத்த பதிவில் சந்திப்போம். (அரசியல் இதிலும் உண்டு. ஆனால் அது டெண்டர் காகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் அரசியல்.)

டேராடூனில் உட்கார்ந்து நான் பிடுங்கும் ஆணிகளில் முக்கியமானது, மலை கிராமங்களுக்குக் கம்பியில்லாமல் இன்டர்நெட் கொண்டுபோவது. ஒரு மலைமுகட்டில் ஒரு ரேடியோ, எதிர் முகட்டில் இன்னொன்று. ரேடியோ என்றதும் விவித் பாரதியை நினைத்துக்கொள்ளாதீர்கள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் பின்னால் ஒரே ஒரு ஈதர்நெட் கேபிள். டேட்டா போவதும் அந்தக் கேபிளில்தான், பெட்டிக்குத் தேவையான மின்சாரம் போவதும் அதே கேபிளில்தான். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்ட பிறகு, ஃபைபர் இழுக்க முடியாத இடங்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

இந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் தின்னும்? சாதாரணமாக 5 முதல் 8 வாட். மிஞ்சினால் 10. உங்கள் வீட்டு வராந்தாவில் எரிகிற எல்ஈடி பல்பு 9 வாட். ஒரு முகட்டில் இரண்டு ரேடியோ, ஒரு சின்ன ஸ்விட்ச், எல்லாம் சேர்த்து 20 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 20 வாட்டைக் காப்பாற்ற நம் ஆட்கள் மலை மேல் தூக்கிக்கொண்டு போய் வைப்பது என்ன தெரியுமா? 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ். டெண்டர் போடுபவர் யாராக இருந்தாலும், ஊர் எதுவாக இருந்தாலும், கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரி இதே வரிதான் வரும்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? நிதானமாகப் பார்ப்போம்.

கம்பத்தில் வருவது 230 வோல்ட் ஏசி. யூபிஎஸ் அதை டிசி ஆக்கி பேட்டரியில் சேமிக்கிறது. பிறகு அதே டிசியை இன்வெர்ட்டர் வழியாக மறுபடி 230 வோல்ட் ஏசி ஆக்குகிறது. அந்த ஏசியை ரேடியோவோடு வந்த அடாப்டர் வாங்கி 24 வோல்ட் டிசி ஆக்குகிறது. அது கேபிளில் ஏறி ரேடியோவுக்குப் போகிறது. ஆக டிசி, ஏசி, திரும்பவும் டிசி. பேட்டரி தருவதும் டிசி, ரேடியோ கேட்பதும் டிசி. நடுவில் எதற்கு ஏசி? கிணற்றடியில் நிற்பவன் வாளித் தண்ணீரை மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாயில் இறக்கிக் குடிக்கிற கதை இது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிஷன் உண்டு. அடாப்டர் ஐந்தில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கும். அதனால் 20 வாட் என்பது 25 ஆகிவிடும். பெரிய கமிஷன் இன்வெர்ட்டருக்கு. 1000 வாட் சுமக்கக் கட்டிய இயந்திரம், 25 வாட் சுமக்கும்போதும் தன்னுடைய உள்செலவைக் குறைத்துக்கொள்ளாது. ஒரு 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் சும்மா ஓடுவதற்கே 50 வாட் போலத் தின்னும். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸை ஒரே ஒரு பையனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக ஓட்டுகிற மாதிரி. டீசல் பையனுக்கா செலவாகிறது?

கணக்கைப் போடுங்கள். அந்த யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று. 12 x 7 x 3 = 252 வாட்-மணி. அதுவும் 20 மணி நேரம் மெதுவாக உறிஞ்சினால் கிடைப்பது. இரண்டு மூன்று மணி நேரத்தில் உறிஞ்சினால் 200 தேறினால் பெரிது. சுமை 25, யூபிஎஸ்ஸின் சொந்தப் பசி 50, மொத்தம் 75 வாட். ஆக இரண்டரை மணி நேரம். குளிரில் லெட் ஆசிட் பேட்டரி இன்னும் சுருங்கும். இரண்டு மணி நேரம் என்று எழுதி வையுங்கள்.

சின்ன யூபிஎஸ் வைத்தால் வேறு கூத்து. கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ மாடல்களில் சிலவற்றுக்கு "பசுமை" குணம் உண்டு. மின்சாரம் போனதும் சுமை ரொம்பக் குறைவாக இருந்தால், 'ஓ, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்கள் போல' என்று முடிவுகட்டி, பேட்டரி நிறைய இருக்கும்போதே தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ரேடியோவின் சிக்கனமே அதற்கு எமன் :-)

"பேட்டரி சின்னது, அதனால்தான். பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சரி, போடுவோம். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு, தொடர் இணைப்பில் 24 வோல்ட். 2400 வாட்-மணி. ஆயுள் கெடாமல் பாதி மட்டும் எடுத்தால் 1200. நல்ல வீட்டு இன்வெர்ட்டர் வழியாகப் போனால், அதன் சொந்தச் செலவும் சேர்த்து 45 வாட் ஆகும். 26 மணி நேரம் வரும். அதே பேட்டரியிலிருந்து நேராக டிசியாக எடுத்தால், கம்பி இழப்பையும் சேர்த்து 22 வாட். 54 மணி நேரம். அதே பேட்டரிதான், அதே பணம்தான், தலையில் சுமந்து மலையேற்றிய அதே பாரம்தான். நடுவில் இருந்த பெட்டியைத் தூக்கி எறிந்ததால் மட்டும் ஒரு நாளுக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கிறது.

இது நான் கண்டுபிடித்த புதுமையும் கிடையாது. ஊரில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், டிவி அணையும், ஆனால் கறுப்புத் தொலைபேசியில் மட்டும் டயல் டோன் கேட்குமே, நினைவிருக்கிறதா? தொலைபேசி நிலையத்தில் இரண்டு வோல்ட் செல்கள் 24 வரிசையாக நின்று, 48 வோல்ட் டிசியை உங்கள் வீட்டுக்கு அதே செம்புக் கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே பேட்டரி என்பது ஆபத்துக்கு உதவும் ஸ்டெப்னி இல்லை. எப்போதும் அதிலிருந்துதான் ஓட்டம். மின்வாரியத்தின் வேலை அந்தப் பேட்டரியை நிரப்பி வைப்பது மட்டும். கரண்ட் போவதும் வருவதும் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியவே தெரியாது. இன்றைக்கும் செல்போன் கோபுரங்களின் அடியில் இருப்பது அதே 48 வோல்ட் டிசிதான். நூறு வருடத்துக்கும் மேலான பாடம் இது. தாத்தா சொன்னதை எல்லாம் கேட்கிறோம், இதை மட்டும் கேட்க மாட்டோம்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2000களின் நடுவில் தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனைக்காக, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் ப்ரூவர் குழுவினர் நீண்டதூர வைஃபை இணைப்புகள் போட்டார்கள். கிராமத்துப் பார்வை மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி, தேனியில் இருக்கும் டாக்டரோடு வீடியோவில் பேசுவார். இமாச்சலத்தில் தர்மசாலாவின் ஏர்ஜால்தி நெட்வொர்க்கும் அதே காலத்தது. இந்த இரண்டு அனுபவத்தையும் வைத்து 2008இல் அவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிராமத்து நெட்வொர்க்கைப் படுக்கவைப்பதில் முதல் வில்லன் ரேடியோ இல்லை, மின்சாரத்தின் லட்சணம்தான் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். வோல்டேஜ் சரிந்தால் ரேடியோ பாதி உயிரோடு தொங்கும், அதன் மெமரி கெட்டுப்போகும், பிறகு யாராவது நேரில் போக வேண்டும். அதனால் பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இணைப்பைச் சுத்தமாகத் துண்டித்துவிடும் சுற்றை அவர்களே வடிவமைத்தார்கள். எழுதி இத்தனை வருடமாகியும் நம் டெண்டர் ஆசாமிகள் 1 கேவிஏவிலேயே நிற்கிறார்கள்.

என் கோபத்துக்குக் காரணம் வெறும் வாட் கணக்கு இல்லை. சமோலி மாவட்டத்தில் ஒரு முகடு. அதை நம்பி மூன்று கிராமங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மொபைல் சிக்னல் கிடையாது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் டாக்டரிடம் ஆலோசனை கேட்க இ-சஞ்சீவனியைத் திறப்பது இந்த இணைப்பில்தான். சேவை மையத்தில் கிழவிகள் விரலை வைத்து விதவைப் பென்ஷன் எடுப்பதும் இதில்தான். வேலையைக் கொடுத்த அலுவலகத்துக்கு (பெயர் வேண்டாம்) மேலே சொன்ன கணக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, யூபிஎஸ் வேண்டாம், நேரடி டிசி வைக்கலாம், செலவும் கூடாது என்று கொடுத்தேன். பதில் மறுநாளே வந்தது: "ரேட் ஷெட்யூலில் இப்படி ஓர் அயிட்டம் இல்லை." அவ்வளவுதான். கணக்கில் தப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கணக்கைப் பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

ஜனவரியில் பனி கொட்டியது. மரம் விழுந்து மின்கம்பி அறுந்தது. "லைட் சலி கயி, சாப்" என்று முகட்டைப் பார்த்துக்கொள்ளும் பையன் போன் செய்தபோது, நான் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்தில் இணைப்பு செத்தது. மின்வாரியம் கம்பியைச் சரிசெய்ய ஐந்து நாள் ஆனது. அந்தப் பனியில் அதற்குமேல் அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆறாம் நாள் கரண்ட் வந்தது, ஆனால் இணைப்பு வரவில்லை. முழுக்க வடிந்துபோன யூபிஎஸ் தானாக எழுந்திருக்காதாம், யாராவது போய்ப் பொத்தானை அமுக்க வேண்டுமாம். அந்தப் பையன் முழங்கால் அளவு பனியில் நாலு கிலோமீட்டர் ஏறினான், ஒரு பொத்தானை அமுக்குவதற்காக.

கவனியுங்கள், யூபிஎஸ் பழுதாகவில்லை. டெண்டரில் எழுதியிருந்தபடியே அட்சரம் பிசகாமல் வேலை செய்தது. ஆடிட்டில் ஒரு குறையும் வராது. கிழவிக்குப் பென்ஷன் மட்டும் வரவில்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். இதுவரை நான் கேட்டவை எல்லாம் இவைதான்.

"யூபிஎஸ் இருந்தால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலிருந்து பாதுகாப்பு." அந்த வேலையை பேட்டரியும் ஒரு நல்ல சார்ஜரும் செய்யும். 90 முதல் 270 வோல்ட் வரை தாங்கும் சார்ஜர்கள் கடையிலேயே கிடைக்கின்றன. பெரிய அலை ஒன்று வந்து சார்ஜர் எரிந்தே போனாலும், ரேடியோ பேட்டரியில் இரண்டு நாள் ஓடும். அதற்குள் மாற்றிவிடலாம். யூபிஎஸ் எரிந்தால் அந்த நொடியே எல்லாம் முடிந்தது. எது பாதுகாப்பு?

"ரேடியோ 24 வோல்ட் கேட்கிறது, பேட்டரி ஏறி இறங்குமே?" நியாயமான கேள்வி. 24 வோல்ட் பேட்டரி வடியும்போது 21க்கும், சார்ஜ் ஆகும்போது 29 அருகிலும் போகும். பல ரேடியோக்கள் இந்த வீச்சைத் தாங்கும். பெட்டியின் முதுகிலேயே அச்சடித்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். தாங்காதவற்றுக்கு நடுவில் ஒரு சின்ன டிசி-டிசி கன்வெர்ட்டர் போதும், இழப்பு பத்து சதவீதத்தைத் தாண்டாது. 802.3ஏஎஃப் தரத்தில் வரும் ரேடியோக்களுக்கு 48 வோல்ட் வேண்டும். அதற்கும் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன.

"டிசி ஆபத்து, இங்கே எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரியாது." மழையில் நனையும் கம்பத்தடியில் 230 வோல்ட் ஆபத்து இல்லையாம், 24 வோல்ட் ஆபத்தாம்! ஆனால் ஒன்று உண்மை. பேட்டரியின் இரண்டு முனையிலும் ஸ்பேனர் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதற்குத்தான் பாஸிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடச் சொல்கிறோம். வீட்டு ஏசி எம்சிபியைக் கொண்டுவந்து மாட்டக்கூடாது. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதில் பொறி அணையும். டிசிக்கு அந்தப் பழக்கம் இல்லை. டிசிக்கென்றே முத்திரையிட்ட பிரேக்கர் வேண்டும். இதை ஓர் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் போதும். நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். டீ குடிக்கும் நேரமும் அதில் சேர்த்தி.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, ஆர்வக்கோளாறு கூட்டம். "டிசிதானே, கார் பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கேபிளில் ஏற்றிவிடலாம்" என்பார்கள். அய்யா சாமிகளா, கேபிளுக்கும் தடை உண்டு. சாதாரண ஈதர்நெட் கேபிளில் இரண்டு ஜோடிக் கம்பிகளில் மின்சாரம் போனால், 30 மீட்டருக்குப் போக வர 2.8 ஓம் வரும். 8 வாட் ரேடியோவுக்கு 12 வோல்ட் அனுப்பினால் 2.3 வோல்ட் வழியிலேயே போய், மேலே 9.7தான் சேரும். பேட்டரி வடிய ஆரம்பித்தால் ரேடியோ தள்ளாடும். 24 வோல்ட் அனுப்பினால் இழப்பு 1 வோல்ட்கூட இல்லை. 48 என்றால் அரை வோல்ட். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை மலிவு என்று வாங்கினால் தடை ஒன்றரை மடங்காகிவிடும். ஆக, டிசி என்றாலும் கணக்கு கணக்குதான்.

டெண்டர் எழுதும் கனவான்கள் யாராவது தப்பித்தவறி இங்கே வந்தால், உங்களுக்காகவே வரிவரியாக எழுதி வைக்கிறேன். அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள், காப்பிரைட் கேட்க மாட்டேன்.

1. 24 வோல்ட் அல்லது 48 வோல்ட் டிசி பேட்டரி அமைப்பு. வெயிலோ கரண்டோ இல்லாமல் 48 மணி நேரம் தாங்க வேண்டும். கேவிஏவில் எழுதாதீர்கள், மணி நேரத்தில் எழுதுங்கள்.

2. 90 முதல் 270 வோல்ட் வரை தாங்கும் சார்ஜர் இரண்டு. ஒன்று செத்தால் மற்றது.

3. பேட்டரி வடிந்தால் துண்டித்து, நிரம்பியதும் தானாகவே திரும்ப இணைக்கும் சுற்று. பொத்தான் அமுக்க ஆள் போகக்கூடாது.

4. பேட்டரி முனையில் டிசி ஃப்யூஸ், ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனித்தனி ஃப்யூஸ். முழுச் செம்பில் உறை போட்ட கேபிள், இடி தாங்கி, ஒழுங்கான எர்த்.

5. 250 வாட் சோலார் தகடு, பனி வழுக்கி விழும் அளவுக்குச் சாய்வாக. குளிர்காலத்தில் நல்ல வெயில் 4 மணி நேரம் என்றாலும், இழப்பு போக 700 வாட்-மணி வரும். ஒரு நாள் தேவை 530 சொச்சம். மின்வாரியம் வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை.

6. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கேட்பதாக இருந்தால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு கட்டாயம். உறைகுளிரில் சார்ஜ் செய்தால் அந்த பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அது முடியாவிட்டால் பழைய டியூபுலர் லெட் ஆசிட்டே மேல்.

இந்த ஆறில் ராக்கெட் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? எல்லாமே கடையில் கிடைப்பவை. கிடைக்காதது ஒன்றே ஒன்று: ரேட் ஷெட்யூலில் ஒரு வரி. அந்த வரியைச் சேர்க்க ஒரு கையெழுத்து போதும். கையெழுத்து போட வேண்டியவரின் அறையில் ஜெனரேட்டர் இருக்கிறது, அவருக்குக் கரண்ட் போவதே தெரியாது. இரண்டு மணி நேரம் என்பது அவருக்குக் காகிதத்தில் ஓர் எண். பள்ளத்தாக்கில் இருப்பவளுக்கு அது, இறங்கி வந்த ஆறு கிலோமீட்டரை வெறுங்கையோடு திரும்ப ஏறுவது.

இனிமேல் எவராவது என்னிடம் வந்து "எத்தனை கேவிஏ போடலாம்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "எத்தனை நாள் தாங்க வேண்டும்?" இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவருக்கு டெண்டர் எழுத உரிமையில்லை.